லேன் கேபிள் போட்ட பிறகும் பிரிண்டர் ‘ஆஃப்லைன்’ என்றே காட்டுகிறதா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாகத் திரும்பச் சொல்கிறேன், நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஸ்கேனரும் சேர்ந்த லேசர் பிரிண்டர் ஒன்று இருக்கிறது. ஒரு வருடமாக வைஃபையில் ஓடியது, ஆனால் இரண்டு நாளைக்கு ஒரு தரம் ‘ஆஃப்லைன்’ என்று நின்றுவிடும். அலுத்துப்போய் லேன் கேபிள் வாங்கி மாடியில் இருக்கும் ரவுட்டரில் செருகியிருக்கிறீர்கள். பிரிண்டரின் பின்பக்கம் பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் லேப்டாப்பில் அதே ஆஃப்லைன்தான். இதற்கென்று கிராஸ் கேபிள் வாங்க வேண்டுமா, கேபிள் போட்டால் செல்போனிலிருந்து பிரிண்ட் எடுக்க முடியாமல் போய்விடுமா என்பவை உங்கள் கேள்விகள். கீழ்த்தளத்தில் ஃபைபர் இணைப்புக் கொடுத்தவர்கள் மாட்டிய பெட்டி, மாடியில் நீங்களே வாங்கிய ரவுட்டர் என்று இரண்டு இருப்பதையும் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த வரிதான் முக்கியமாகப் படுகிறது, அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் மதுரைப் பக்கம் 16 வருடமாக பிரிண்டர் சர்வீஸும், வீடுகளுக்கும் சின்ன ஆபீஸ்களுக்கும் நெட்வொர்க் இழுக்கிற வேலையும் செய்கிறேன். ‘கேபிள் போட்டும் வரவில்லை’ என்று கூப்பிடுகிறவர்கள் வீட்டுக்குப் போனால் பெரும்பாலும் கேபிள் நன்றாகத்தான் இருக்கும். செருகுவது ஒரு நிமிட வேலை, மீதி எல்லாம் முகவரி சம்பந்தப்பட்டது. பிரிண்டருக்குள் வைஃபைக்கும் லேனுக்கும் தனித்தனி மேக் முகவரி உண்டு. ரவுட்டர் ஒரு சாதனத்தை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். அதனால் வைஃபையை விட்டுவிட்டு லேனில் செருகியதும், ரவுட்டருக்கு அது இதுவரை பார்த்தே இராத புது ஆள். புதிதாக ஒரு ஐபி முகவரி கொடுத்துவிடும். உங்கள் லேப்டாப்போ பழைய முகவரியைத்தான் குறித்து வைத்திருக்கிறது. குடிபோனவரின் பழைய வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, யாரும் இல்லை என்று சொல்கிற மாதிரிதான் அது ஆஃப்லைன் காட்டுகிறது. கேபிளை மாற்றி மாற்றிச் செருகினாலும் இது சரியாகாது, லேப்டாப்பிடம் புது முகவரியைச் சொல்ல வேண்டும்.

சரி, கேபிள் கேள்வியை முடித்துவிடுகிறேன். கிராஸ் கேபிள் வேண்டாம். இரண்டு கம்ப்யூட்டர்களை நேருக்கு நேர் இணைத்த காலத்துப் பழக்கம் அது. பிரிண்டரிலிருந்து ரவுட்டருக்கு எப்போதுமே சாதாரண நேர்க் கேபிள்தான், அதுவும் இப்போதைய ரவுட்டர்கள் எந்த வகை கேபிள் வந்தாலும் தாமே அறிந்து மாற்றிக்கொள்ளும். ‘கேட் 5இ’ ரகக் கேபிள் போதும், 100 மீட்டர் வரை தாங்கும். கடையில் கேட் 6 தருகிறார்கள் என்றால் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பிரிண்டர் அதனால் வேகமாக அடிக்காது. வீட்டு பிரிண்டர்களின் லேன் துளை பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ் வேகம்தான், 20 எம்பி கோப்பு ஒன்று போய்ச்சேர அதில் இரண்டு வினாடி ஆகும். நேரம் பிடிப்பதெல்லாம் பிரிண்டர் சூடாவதற்கும் பக்கத்தைத் தயார் செய்வதற்கும்தான்.

இதே கேள்வியோடு வரும் மற்றவர்களுக்காக இரண்டு விஷயம். பிரிண்டரின் பின்னால் லேன் துளை மாதிரியே, ஆனால் சற்றுக் குறுகலாக ஒன்றோ இரண்டோ இருந்தால் அவை ஃபேக்ஸுக்கான டெலிபோன் துளைகள், ‘லைன்’, ‘எக்ஸ்ட்’ என்று எழுதியிருக்கும். லேன் துளை அகலமானது, உள்ளே எட்டுக் கம்பிகள் தெரியும். சில மாடல்களில் அதன் மேல் ஒரு ஸ்டிக்கரோ ரப்பர் மூடியோ இருப்பதால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் வருடக்கணக்காக வைஃபையில் ஓட்டுகிறவர்கள் உண்டு. இரண்டாவது, லேன் துளையே இல்லாத பிரிண்டருக்கு லேப்டாப்புக்கு விற்கிற யூஎஸ்பி லேன் கன்வெர்ட்டரை வாங்கி மாட்டாதீர்கள், வேலை செய்யாது. பிரிண்டரில் இருக்கும் சதுர யூஎஸ்பி துளை ஒரு கம்ப்யூட்டர் வந்து தன்னைப் பிடித்துக்கொள்வதற்காக வைத்தது, இன்னொரு சாதனத்தை இயக்குவதற்கு இல்லை. அதற்கு ‘பிரிண்ட் சர்வர்’ என்று தனிப் பெட்டி வேண்டும்.

செல்போன் பற்றிய பயம் வேண்டாம். போன் வைஃபையிலும் பிரிண்டர் கேபிளிலும் இருந்தாலும் இரண்டும் ஒரே ரவுட்டரின் கீழ் இருந்தால் அவை ஒரே நெட்வொர்க்தான். ஐபோனின் ஏர்பிரிண்டும் ஆண்ட்ராய்டின் பிரிண்ட் வசதியும் அப்படியே வேலை செய்யும். போன் ‘கெஸ்ட்’ வைஃபையில் இருந்தால் மட்டும் பிரிண்டர் தெரியாது, ஏனென்றால் விருந்தாளிகள் வீட்டுச் சாதனங்களைத் தொடக்கூடாது என்பதற்காகவே அந்த நெட்வொர்க்கைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் ஒன்று, பல பிரிண்டர்கள் லேனையும் வைஃபையையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தாது. சில மாடல்களில் கேபிளைச் செருகினாலே வைஃபை தானாக அணைந்துவிடும், வேறு சிலவற்றில் மெனுவுக்குள் போய் ‘வயர்டு லேன்’ என்று நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது வகையாக இருந்து நீங்கள் மாற்றாமல் விட்டிருந்தால், பச்சை விளக்கு எரியும், ஆனால் பிரிண்டர் கேபிளைக் கண்டுகொள்ளாமல் வைஃபையிலேயே உட்கார்ந்திருக்கும். உங்கள் மாடல் எது என்று எழுதவில்லை, அதனால் முதலில் இதைப் பார்த்துவிடுங்கள்.

எப்படிப் பார்ப்பது? பிரிண்டரிடமே கேட்பதுதான் வழி. மெனுவில் நெட்வொர்க் ரிப்போர்ட், நெட்வொர்க் கன்ஃபிகரேஷன் என்று ஏதோ ஒரு பெயரில் ஒரு பக்கம் அடிக்கச் சொல்லும் வசதி இருக்கும். திரை இல்லாத மாடல்களில் ஒரு பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் வரும், எந்தப் பட்டன் என்று கையேட்டில் இருக்கும். வேறு எதைத் தொடுவதற்கு முன்னும் அந்தப் பக்கத்தை அடித்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லேப்டாப் சொல்வதை நம்பி ஒரு மணி நேரம் சுற்றுவதைவிட பிரிண்டரே எழுதிக் கொடுத்த ஒரு தாள் மேல். அதில் வயர்டா வயர்லெஸ்ஸா என்று ஒரு வரி, ஐபி முகவரி ஒரு வரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, மேக் முகவரி என்று ஒவ்வொரு வரி இருக்கும். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் பிரிண்டருக்கு ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை, கேட்டுப் பார்த்துச் சலித்துத் தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். 192.168 என்று தொடங்கினால் ரவுட்டர் கொடுத்திருக்கிறது, அநேகமாக நல்ல செய்தி.

இந்த 169.254 நம் ஊரில் அடிக்கடி வருவதற்கு நான் பார்த்த காரணம் கரண்ட் போய் வருவது. கரண்ட் வந்ததும் பிரிண்டரும் ரவுட்டரும் ஒரே நேரத்தில் எழுந்திருக்கின்றன. ரவுட்டர் முழுதாகத் தயாராக ஓரிரண்டு நிமிடம் பிடிக்கும், அதற்குள் பிரிண்டர் முகவரி கேட்டு, பதில் வராமல், தானே ஒன்றை வைத்துக்கொள்கிறது. பிறகு மறுபடி கேட்க வேண்டும்தான், ஆனால் எல்லா மாடலும் ஒழுங்காகக் கேட்பதில்லை. அந்த நேரத்தில் பிரிண்டரை மட்டும் அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். ரவுட்டருக்கு ஒரு சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே வராது. ஆனால் அதே யோசனையில் லேசர் பிரிண்டரையும் யூபிஎஸ்ஸில் மாட்டிவிடாதீர்கள். டோனரைத் தாளில் உருக்கி ஒட்டவைக்கும் ஃபியூசர் சூடாகும்போது சட்டென்று ஆயிரம் வாட் அளவுக்குக் கூட இழுக்கும், வீட்டு யூபிஎஸ் அதைத் தாங்காது. தயாரிப்பாளர்களே வேண்டாம் என்கிறார்கள்.

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். தாளில் இருக்கும் முகவரியையும் லேப்டாப்பின் முகவரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லேப்டாப்பின் முகவரி தெரிய, விண்டோஸில் வைஃபை பெயரைத் தொட்டு ‘பிராப்பர்டீஸ்’ போனால் ஐபிவி4 முகவரி என்று இருக்கும். முதல் மூன்று எண்கள் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா? பிரிண்டர் 192.168.0.105, லேப்டாப் 192.168.1.8 என்று இருந்தால் உங்கள் வீட்டில் இரண்டு நெட்வொர்க் ஓடுகிறது. மாடி ரவுட்டர் தன் கீழே தனியாக ஒன்றை நடத்துகிறது, கீழ்ப் பெட்டி வேறொன்றை நடத்துகிறது. லேப்டாப் கீழ்ப் பெட்டியின் வைஃபையைப் பிடித்திருந்தால், மாடி ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் பிரிண்டர் அதற்குச் சுவருக்கு அந்தப்பக்கம். தேடினாலும் கிடைக்காது, முகவரியைக் கையால் கொடுத்தாலும் போய்ச்சேராது. இதைத் திருப்பிப் போட்டால் கதை கொஞ்சம் மாறும். பிரிண்டர் கீழ்ப் பெட்டியில் இருந்து லேப்டாப் மாடி வைஃபையில் இருந்தால், தானாகத் தேடும்போது தெரியாது, ஆனால் முகவரி கொடுத்தால் பெரும்பாலும் அடிக்கும். ‘கீழே உட்கார்ந்தால் பிரிண்ட் வரவில்லை, மாடிக்குப் போனால் வருகிறது’ என்று குழம்புகிற வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான் இரண்டு நெட்வொர்க் இருக்கும்.

இதற்கு நிரந்தர வழி மாடி ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ முறைக்கு மாற்றுவது. அப்போது அது முகவரி கொடுக்கும் வேலையைக் கீழ்ப் பெட்டியிடம் விட்டுவிட்டு வைஃபையையும் லேன் துளைகளையும் மட்டும் நீட்டிக் கொடுக்கும், வீடு முழுக்க ஒரே நெட்வொர்க் ஆகிவிடும். பல ரவுட்டர்களில் இதற்கு ஒரே ஒரு தேர்வு இருக்கிறது. இல்லாத பழைய மாடலில், முதலில் ரவுட்டரின் சொந்த முகவரியைக் கீழ்ப் பெட்டியோடு மோதாத ஒன்றாக மாற்றி, முகவரி பங்கிடும் டிஹெச்சிபி வசதியை அணைத்து, கீழிருந்து வரும் கேபிளை ‘வான்’ (WAN) என்ற இணையம் உள்ளே வரும் துளையிலிருந்து எடுத்து லேன் துளை ஒன்றில் செருக வேண்டும். ஆனால் கைவைக்கும் முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். மாடி ரவுட்டரின் இணைய அமைப்பில் பிபிபிஓஇ (PPPoE, இணைய நிறுவனத்திடம் லாகின் செய்யும் முறை) என்று போட்டு இணைப்பின் யூசர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்திருந்தால், கீழ்ப் பெட்டி பெரும்பாலும் பிரிட்ஜ் முறையில் சும்மா வழிவிடுகிறது, மாடி ரவுட்டர்தான் வீட்டின் உண்மையான ரவுட்டர். அதைப் போய் ஆக்சஸ் பாயிண்ட் ஆக்கினால் வீடு முழுக்க இணையம் நின்றுவிடும். அந்த நிலையில் ஒன்றும் மாற்றாமல் லேப்டாப்பும் போனும் மாடி வைஃபையிலேயே இருக்கும்படி பார்த்துக்கொண்டால் போதும்.

நெட்வொர்க் ஒன்றாகிவிட்டதா? அடுத்து பிரிண்டரின் முகவரியை மாறாமல் கட்டிவைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் இன்று அடிக்கும், அடுத்த மாதம் ரவுட்டரை அணைத்துப் போட்ட நாளில் வேறு முகவரி வாங்கிக்கொண்டு மறுபடி ஆஃப்லைன். இரண்டு விதமாகக் கட்டலாம். பிரிண்டர் மெனுவில் எண்களைக் கையால் அடித்து நிலையாக வைப்பது ஒன்று. ரவுட்டரில் ‘அட்ரஸ் ரிசர்வேஷன்’ என்ற இடத்தில், இந்த மேக் முகவரிக்கு எப்போதும் இந்த ஐபி என்று எழுதி வைப்பது இன்னொன்று. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு டீச்சர் வீட்டில் பிரிண்டருக்குள்ளேயே 192.168.1.5 என்று போட்டுவிட்டு வந்தேன். பத்து நாள் கழித்து, கேள்வித்தாள் அடிக்க வேண்டிய இரவில் பிரிண்டர் விட்டுவிட்டு வேலை செய்கிறது என்று அழைத்தார்கள். போய்ப் பார்த்தால் ஊரிலிருந்து வந்த மகனின் போனுக்கு ரவுட்டர் அதே 5-ஐக் கொடுத்திருக்கிறது. நான் பிரிண்டருக்குள் எழுதியது ரவுட்டருக்குத் தெரியாதே. பையன் வீட்டில் இருந்தால் பிரிண்டர் திணறும், வெளியே போனால் சரியாகும். அதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது, அந்தக் கேள்வித்தாளை அவர் கடையில் கொடுத்துத்தான் அடித்தார். அன்றிலிருந்து முகவரியை ரவுட்டரில்தான் கட்டுகிறேன். ரவுட்டருக்குள் நுழைய முடியாத நிலை என்றால் மட்டும் பிரிண்டரில் போடுங்கள், அப்போதும் ரவுட்டர் பங்கிடும் எண் வரிசைக்கு வெளியே இருப்பதாகப் பார்த்து எடுங்கள். ரிசர்வேஷனில் எழுதும்போது தாளில் இருக்கும் லேன் பக்கத்து மேக் முகவரியைப் பாருங்கள், எண்ணும் எழுத்துமாக 12 இலக்கம் இருக்கும். வைஃபையுடையது வேறு, அதை எழுதிவிட்டு வேலை செய்யவில்லை என்று நிற்பவர்கள் நிறைய.

இனி லேப்டாப். முதலில் பிரவுசரைத் திறந்து மேலே முகவரிப் பட்டையில் பிரிண்டரின் ஐபியை மட்டும் அடித்துப் பாருங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறந்தால், டோனர் அளவெல்லாம் காட்டும், பாதை சரி. ‘பாதுகாப்பானது இல்லை’ என்று பிரவுசர் எச்சரித்தால் இங்கே பயப்பட வேண்டியதில்லை, பிரிண்டர் தன் சான்றிதழில் தானே கையெழுத்துப் போட்டுக்கொள்வதால் வருவது. பக்கம் திறந்துவிட்டால் பழைய பிரிண்டர் பதிவை விண்டோஸிலிருந்து நீக்கிவிடுங்கள். அது இருந்தால் வேர்டிலோ பிடிஎஃபிலோ அவசரத்தில் அதையே தேர்ந்தெடுத்துவிடுவோம். அப்புறம் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான முழு மென்பொருளை இறக்கி நிறுவுங்கள், இணைப்பு எது என்று கேட்கும்போது ‘வயர்டு நெட்வொர்க்’ என்று சொல்லுங்கள். அதிலேயே பலருக்கு முடிந்துவிடும். அது பிரிண்டரைக் கண்டுபிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் போய், ஆட் டிவைஸ் அழுத்தி, பட்டியல் தேடி முடிக்கும்வரை சில வினாடிகள் பொறுத்தால் கீழே கையால் சேர்க்கும் வழி ஒன்று வரும். அதில் ஐபி முகவரி மூலம் சேர்ப்பதைத் தேர்ந்து, சாதன வகையில் தானாகக் கண்டறியும்படி விடாமல் ‘டிசிபி/ஐபி டிவைஸ்’ என்று வைத்து எண்ணைக் கொடுங்கள்.

தானாகக் கண்டறிய ஏன் விடக்கூடாது என்றால், விண்டோஸ் பல நேரம் டபிள்யூஎஸ்டி (WSD) என்ற போர்ட்டை, அதாவது பிரிண்டருக்குக் கோப்பு போகும் வழியை, அதுவாகப் போட்டுவிடும். அது பிரிண்டரை நெட்வொர்க்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடுகிற முறை, பிரிண்டர் தூங்கிவிட்டால் பதில் வராது, உடனே ஆஃப்லைன். டிசிபி/ஐபி போர்ட் தேடுவதில்லை, நேராக அந்த முகவரிக்குப் போய் 9100 என்ற போர்ட்டில் தருகிறது. உங்கள் ‘இரண்டு நாளைக்கு ஒருமுறை’ தொல்லைக்கும் இந்த டபிள்யூஎஸ்டிதான் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். ஆனால் அது சந்தேகம் மட்டுமே. பிரிண்டர் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையை மட்டும் பிடிப்பதாக இருந்து ரவுட்டர் இரண்டு அலைவரிசையையும் ஒரே பெயரில் கொடுத்தாலும் சில வீடுகளில் அப்படி விட்டுவிட்டு வரும், முகவரி மாறினாலும் வரும், உங்கள் வீட்டைப் பார்க்காமல் எது என்று அடித்துச் சொல்ல முடியாது. லேனுக்கு மாறி, முகவரியைக் கட்டி, டிசிபி/ஐபி போர்ட்டில் சேர்த்துவிட்டால் மூன்றுமே விலகிவிடும் என்பது மட்டும் நிச்சயம். அதன்பிறகும் பிரவுசரில் பக்கம் திறக்கிறது, விண்டோஸ் மட்டும் ஆஃப்லைன் என்கிறது என்றால், பிரிண்டர் பிராப்பர்டீஸில் போர்ட்ஸ், கன்ஃபிகர் போர்ட் போய் ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்’ என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். பிரிண்டரின் நிலையை விண்டோஸ் அந்த வழியில் விசாரிக்கிறது, பதில் வராவிட்டால் நன்றாக இருக்கும் பிரிண்டரையும் ஆஃப்லைன் என்று எழுதிவிடும்.

ஸ்கேனரையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து கேட்பீர்கள். ஐபி கொடுத்துச் சேர்த்தால் பிரிண்ட் மட்டும்தான் வரும். ஸ்கேன் வேண்டுமென்றால் தயாரிப்பாளரின் ஸ்கேன் மென்பொருளிலும் அதே ஐபியைக் கொடுக்க வேண்டும். அதனால்தான் முழு மென்பொருளை முதலில் நிறுவச் சொன்னேன்.

கேபிளைச் சுவருக்குள் இழுக்கப் போகிறீர்கள் என்றால், எலக்ட்ரீஷியன் வசதிக்காகக் கரண்ட் வயர் போகும் பைப்பிலேயே இதையும் விடப் பார்ப்பார், விடாதீர்கள். சிக்னலுக்கு வரும் இடைஞ்சலைவிட ஆபத்து பெரிது, உள்ளே ஒரு வயர் உரிந்து தொட்டால் பிரிண்டர் வரை கரண்ட் வரும். கேபிள் வாங்கும்போது வெட்டிய முனையில் ஒரு கம்பியை பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளேயும் செம்பு நிறமாக இருக்க வேண்டும். வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு, முனை போடும் இடத்தில் சீக்கிரம் ஒடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை இடி மழையில் பிரிண்டரின் பிளக்கோடு லேன் கேபிளையும் கழற்றிவிடுங்கள். ஃபைபரில் மின்சாரம் வராது, ஆனால் அந்தப் பெட்டிக்கு அப்புறம் இருப்பதெல்லாம் செம்புதான், இடி இறங்கிய மறுநாள் லேன் துளை மட்டும் செத்த பிரிண்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெளியூரிலிருந்து பிரிண்ட் எடுக்கலாம் என்று யாராவது ரவுட்டரில் அந்த 9100 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடச் சொன்னால் கேட்காதீர்கள். 2018 நவம்பரில் அப்படித் திறந்து கிடந்த பிரிண்டர்களில் ஒருவர் ஒரே நேரத்தில் ஒரு யூடியூப் சேனலுக்கான விளம்பரத் தாளை அடித்துத் தள்ளினார், 50,000 பிரிண்டர்கள் என்று அவரே சொன்னார். பிரிண்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள், அதுவும் அந்தப் பிரவுசர் பக்கத்திலேயே இருக்கும்.

இன்று அந்தத் தாளை அடித்து, பிரிண்டரின் ஐபி, லேப்டாப்பின் ஐபி, பிரிண்டரின் மாடல், மாடி ரவுட்டரில் பிபிபிஓஇ இருக்கிறதா இல்லையா, இந்த நான்கையும் கீழே எழுதுங்கள். மேக் முகவரியையும் பாஸ்வேர்டையும் போட வேண்டாம். மாடல் தெரிந்தால் மெனுவில் எங்கே போக வேண்டும் என்று சரியாகச் சொல்கிறேன்.